கொடி பறந்த பக்கம்

"இந்த வருஷமாவது திருத்திடட்டுமா, லவீனாம்மா?"

தூரிகைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓவியர் ஆசா கேட்டார். துறைமுக ஊரான சீர்ஸ்போர்ட்டில் கேப்டன் வீடு ஒவ்வொன்றிலும் அவர் வரைந்த கப்பல் ஒன்று தொங்கியது. தப்போடு தொங்கியது இந்த ஒரு படம்தான்.

கணப்புக்கு மேலே படத்தில் 'மெர்சி' கப்பல் எல்லாப் பாய்களையும் விரித்து நின்றது. பின்காற்றில் பாய்கள் முன்பக்கம் புடைத்திருந்தன. கொடி மட்டும் பின்பக்கம் பறந்தது.

ஆசா கடலுக்குப் போனவரில்லை. குதிரைவண்டி ஓடினால் துணி பின்னால்தானே பறக்கும், அந்தக் கணக்கில் போட்டுவிட்டார்.

ஏழு வருஷத்துக்கு முன் படத்தைக் கொண்டுவந்த அன்று, லவீனாவின் கணவர் கேப்டன் எஃப்ரேம் வயிறு குலுங்கச் சிரித்தார். "யோவ், பாய்க்கு ஒரு காத்து, கொடிக்கு ஒரு காத்தா? இப்படி அடிச்சா என் கப்பல் கரையை விட்டே நகராதுய்யா!"

மறுநாள் விடிந்ததும் கப்பலேறிப் போனார்.

அதன்பின் கடிதம் இல்லை, ஆளும் இல்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

வசந்தம் பிறந்தால் ஆசா வந்துவிடுவார். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்களே என்று அவருக்கு மானம் போகும். லவீனா டீயும் கேக்கும் கொடுத்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவாள்.

நேற்று சர்ச்சில் எஃப்ரேமின் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்தார்கள். ஏழு வருஷம் காத்திருந்தது போதும் என்றார் பாதிரியார். பக்கத்து வீட்டுக்காரி விசும்பி விசும்பி அழுதாள்.

லவீனாவுக்கு அழுகை வரவில்லை. கையுறையில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் நெஞ்சில் ஒன்றுமில்லை. மரத்துப்போன விரலைப்போல இருந்தது.

"திருத்திடுங்க," என்றாள்.

ஆசாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. அவசரமாகப் படத்தை இறக்கி மேஜையில் கிடத்தினார். பழைய கொடியின் மேல் வானத்தின் நீலத்தை அப்பி மூடினார். புதியதை வரையத் தூரிகையைத் தூக்கியவர், தயங்கி நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அரைக்கம்பத்துல போட்டுடவா? திரும்பாத கப்பலுக்கு அப்படித்தான் போடுறது."

லவீனா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம், உச்சியிலேயே பறக்கட்டும்," என்றாள். "அவரு இப்பத்தானே கிளம்புறாரு."