உங்க இஷ்டம்ங்க

தைராய்டு புற்றுநோய்க் கட்டி குரல் நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்ததால், வினோதினிக்கு நரம்பையும் சேர்த்தே எடுக்க வேண்டியதாயிற்று. போன குரலுக்குப் பதில் கழுத்தில் ஒரு பேசும் பட்டை கட்டினார்கள். வாயசைத்தால், அவள் என்ன சொல்வாள் என்று ஊகித்து, அவள் குரலிலேயே, அவள் வழக்கமாகப் பேசுகிற மாதிரியே பேசும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய பத்து நாள் பேச்சைக் கேட்டுத்தான் அது பழகியிருந்தது. அந்தப் பத்து நாளும் மாமியார் வீட்டு ஆட்கள் கூடத்தை விட்டு நகரவில்லை. அவர்கள் முன்னால் அவள் என்றைக்கு எதிர்த்துப் பேசினாள்?

இன்று மகள் தன்மதியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

"எனக்குப் பிடிக்கலம்மா. நான் சொன்னா அப்பா கேக்க மாட்டாரு, நீ சொல்லு" என்று காலையில் மகள் அழுதபோது, அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள் வினோதினி.

"நீ என்ன சொல்றே?" என்றார் கணவர்.

வேண்டாம் என்று வாயசைத்தாள். பட்டை குழைவாகச் சொன்னது: "உங்க இஷ்டம்ங்க."

தன்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வினோதினி பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கத்தினாள். வெறும் காற்றுதான் வந்தது. கண்ணீர் கொட்டியது.

"பாருங்க, சந்தோஷத்துல சம்பந்தியம்மாவுக்குத் தொண்டையே அடைச்சுப்போச்சு" என்றபடி, மாப்பிள்ளையின் அம்மா தன்மதியின் தலையில் பூவை வைத்தாள்.