ரப்பர் துகள்

வெள்ளிக்கிழமைகளில் பத்மாசனி டீச்சர் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தன் மேஜையருகே ஸ்டூலில் உட்காரவைத்து, அவர்கள் எழுதிய கதையைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். அருள்மலரின் முறை வரும்போதெல்லாம் நோட்டில் வெள்ளைப் பக்கம்தான் இருக்கும். எழுதத்தான் செய்வாள். பெயரைக் கூப்பிட்டதும் மொத்தத்தையும் அழித்துவிட்டு வருவாள். அழித்து அழித்துத் தாள் வெங்காயத் தோலாகியிருந்தது.

அன்றும் அதேதான். "எங்கடி கதை?" என்று டீச்சர் கடுப்பாகவே கேட்டாள். கையில் சிவப்புப் பேனா திறந்திருந்தது. அருள்மலரின் கண் அந்தப் பேனாவை விட்டு நகரவில்லை. பிறகு தன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தாள். கறுப்புக் கறுப்பாக ஒரு கைப்பிடி ரப்பர் துகள்.

"இதுலதான் இருக்கு டீச்சர்."

மின்விசிறிக் காற்றில் ஓரத்துத் துகள்கள் நகரத் தொடங்கின. டீச்சர் பேனாவை மூடி டிராயரில் போட்டாள். எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். "ம், படி."

அருள்மலர் ஒரு துகளை விரல்நுனியில் ஒற்றியெடுத்தாள். "ஒரு கிணத்துக்குள்ள ஒரு பஸ்ஸு இருந்துச்சு..." அடுத்த துகள், அதற்கடுத்த துகள் என்று படித்துக்கொண்டே போனாள். தன் மூச்சுப்பட்டு எதுவும் பறந்துவிடாதபடி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"டீச்சர், வேர்க்குது! ஃபேன போடுங்க!" என்று பின்பெஞ்சிலிருந்து யாரோ கத்தினார்கள்.

வருடம் முழுக்க வகுப்பில் வாய் திறக்காத அருள்மலர் சட்டென்று திரும்பினாள்.

"இருங்கடா! பஸ்ஸு இன்னும் வெளிய வரல."