தழும்பு போன பிறகு

மகள் கல்யாணத்துக்கு முந்தின மாதம் மரகதவல்லி தழும்பு போக்கும் ஊசி போட்டுக்கொண்டாள். குக்கர் ஆவி பட்டுக் கழுத்தில் விழுந்த தழும்பு பல வருஷமாக அவளை உறுத்திக்கொண்டிருந்தது. ஊசி போட்ட சில நாட்களிலேயே அது சுவடில்லாமல் போயிற்று. மண்டபத்தில், கல்யாணப் பெண்ணுக்கு அக்காவா என்று கேட்டவர்களிடம் வெட்கத்தோடு சிரித்தாள்.

சில மாதங்கள் கழித்து அவளுக்கு ஓயாமல் வாந்தி வந்தது. பரிசோதித்த டாக்டரம்மா கர்ப்பம் என்றார்.

“அதெப்படிங்க? சின்னவன் பொறந்தப்பவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சுங்களே.”

“கருக்குழாயை வெட்டுன எடத்துல தழும்பு கட்டித்தான் வழி அடைஞ்சிருந்துச்சு. நீங்க போட்டுக்கிட்டதாச் சொன்ன அந்தத் தழும்பு ஊசி கழுத்துத் தழும்பு, வயித்துத் தழும்புன்னு பிரிச்சுப் பாக்காதும்மா. எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடும்.”

கூட வந்திருந்த கணவர் கதிர்வேலு வீடு வந்து சேரும்வரை விரல்விட்டு மாதங்களை எண்ணிக்கொண்டே வந்தார். அவளுக்கோ அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன.

சாயங்காலம் மகள் யாழினி போனில் கூப்பிட்டாள். “அம்மா, நான் முழுகாம இருக்கேன். பிரசவத்துக்கு அங்கதான் வருவேன். என்னைப் பாத்துக்குவீங்கல்ல?”

மரகதவல்லி வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

“வா கண்ணு. ரெண்டு பேரும் ஒண்ணாவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”