செயின் கவருக்குப் பின்னால்

முள் மறுபடியும் இறங்கியது.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கார் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷர் முள் நாற்பதில் நின்றது. இன்ஜின் சூடேறச் சூடேற முப்பது, இருபது, பத்து. இப்போது அடியில் போய்ப் படுத்துவிட்டது.

அவர் சாவியைத் திருப்பி அணைத்தார். மீட்டர்தான் பொய் சொல்கிறது என்றார்.

மீட்டர் பொய் சொல்கிறதாம். நேற்றுத்தான் புது மீட்டர் மாட்டினார். அதற்கு முன்னால் கெட்டி ஆயில் ஊற்றிப் பார்த்தார். அதற்கும் முன்னால் ஆயில் பம்பை மாற்றினார். உலகத்தில் எல்லாமே பொய் சொல்லும், இந்த மனுஷர் ஒருவரைத் தவிர.

ஷெட்டில் விருந்தாளிகள் வேறு. பழைய கார் கிளப்பிலிருந்து வந்த கோயமுத்தூர்க்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் நூல்மில் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் கார் ஊர்வலம். முதல் வண்டி இந்த மனுஷருடையது. பொள்ளாச்சி நாச்சிமுத்து தன் கையாலேயே இன்ஜின் கட்டிய அறுபத்திரண்டாம் வருஷத்துக் கார் என்று நோட்டீஸே அடித்துவிட்டார்கள்.

தன் கையாலேயே.

அவர் மனைவி வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கை அவருடையதுதான். படித்தது யார்?

ரிப்பேர் புத்தகம் தலையணை மொத்தத்தில், முழுக்க இங்கிலீஷ். நாச்சிமுத்துவுக்கு லாரி நம்பர் பிளேட்டைத் தாண்டி இங்கிலீஷ் தெரியாது.

தெரியாததில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, மானமாகத்தான் இருக்கிறார்கள். இவர் தெரிந்த மாதிரி நடித்தார். கையெல்லாம் கிரீஸ், புத்தகம் அழுக்காகிவிடும் என்று சொல்லி, ஹைஸ்கூலில் சயின்ஸ் டீச்சராக இருந்து ரிட்டயரானவளை முக்காலியில் உட்காரவைத்தார். இரண்டு வருஷம் அவள் பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னாள். இவர் கிளப்பில் போய்ப் புத்தகமே மனப்பாடம் என்று அளந்துவிட்டு வந்தார்.

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அவர் கேட்கவில்லை.

லேத்துப் பட்டறையில் இன்ஜினைக் கழுவும்போது, ஆயில் ஓடுகிற துவாரங்களை அடைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றுவார்கள். இன்ஜினின் முன்பக்கத்துச் செயின் கவரை மூடுவதற்கு முன் அத்தனையும் திரும்பப் போட்டாயிற்றா என்று பார்க்க வேண்டும். அவள் அதைச் சொன்னாள். அதெல்லாம் லேத்துக்காரன் போட்டிருப்பான் என்றார். பார்த்துவிட்டு மூடுங்கள் என்றாள். படிக்கிறதுதான் உன் வேலை, அதை மட்டும் பார் என்றார்.

மூடினார்.

பட்டாணி அளவு துவாரம் ஒன்று அடைபடாமலே கிடக்கிறது. அது வழியே ஆயில் உள்ளுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கிறது. பம்ப் என்ன செய்யும், பாவம்? ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற கதைதான்.

போன வாரமே சொன்னாள். காதில் வாங்கினால்தானே.

மில்காரர் பானெட்டுக்குள் தலையை விட்டு ஆராய்ச்சி செய்தார். பேரிங் தேய்ந்திருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். அத்தனையும் புதுப் பேரிங். பல் டாக்டர் டார்ச் அடித்து உற்றுப் பார்த்தார். சொத்தை தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ.

இப்படியே ஞாயிற்றுக்கிழமை ஓட்டினால் பத்து கிலோமீட்டர் தாண்டாது. இன்ஜின் ஜாம் ஆகி நடுரோட்டில் நிற்கும். இரண்டு வருஷம் மண்ணாய்ப் போகும். அவருடையது மட்டுமா, அவளுடையதும்தான்.

அதனால் வாயைத் திறந்தாள்.

"செயின் கவரைக் கழட்டிப் பாருங்க. உள்ள ஒரு பிளக் போடாம இருக்கும்."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

பல் டாக்டர் கொஞ்சம் யோசித்தார். ஆயில் சூட்டில் இளகியதும் பிரஷர் நிற்காமல் போவதற்கு அதுதான் காரணமாக இருக்கும், அக்கா சொல்வது சரி என்றார்.

அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

நாச்சிமுத்து சிரித்தார்.

"எங் கை பூரா கிரீஸுங்க. இவளைப் படிக்கச் சொல்லியிருந்தேன். அந்தப் பக்கத்தத் தாண்டிப்போட்டா. பொம்பளைய நம்புனா இப்படித்தானுங்க."

மில்காரரும் சேர்ந்து சிரித்தார்.

முப்பது வருஷம் பொய் சொல்லும் பையன்களைப் பார்த்தவள் அவள். அவர்கள்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார்கள். இவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இரண்டு வருஷமாக அவர் மானம் போகாமல் காத்துவந்தவளின் முகத்தைப் பார்த்து.

தூ என்றிருந்தது.

எழுந்தாள். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ரிப்பேர் புத்தகத்தை விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க. இவங்களும் கேக்கட்டும்."

அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

பல் டாக்டர் நல்ல மனிதர். பெஞ்சில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உண்மையிலேயே ஆசை. அண்ணன் படித்து விளக்கினால்தான் எங்களுக்கெல்லாம் புரியும் என்று மில்காரரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நாச்சிமுத்து கையைத் துடைத்தார். உள்ளங்கை. புறங்கை. ஒவ்வொரு விரலாக. பிறகு நகக்கண்.

நகக்கண்ணில் கிரீஸே இல்லை.

அவளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

புத்தகம் கனத்தது. அவள் கையை இறக்கவில்லை.