ஆறுதலாய் ஒரு பிஷ் பை

மில்லிக்கன் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை தொடக்கம் திரு. இராஜரட்ணம் அவர்கள் அவசரப்படுவதை நிறுத்திவிட்டார்.

முதல் வேலையாகக் குசினிச் சுவரில் இருந்த ரெலிபோன் வயரைப் பிடுங்கினார்.

பேஸ்மென்ரில் இருந்து உடுப்புக் கூடையோடு படியேறி வந்த மனைவி குணவதிக்கு, அதற்குச் சற்று முன் மணி அடித்ததும் கேட்டது, அவர் "ஓம்... ஓம்... சரி, பிறகு கதைப்பம்" என்று சொல்லி வைத்ததும் கேட்டது.

"ஆரப்பா எடுத்தது?"

"கார்பெட் கழுவுற கொம்பனி. ஞாயிற்றுக்கிழமையும் மனுசரை விடாங்கள். அதுதான் கழட்டிப்போட்டன்."

"இஞ்சேருங்கோ, தம்பி எடுக்கிறனெண்டவன். அம்மான்ர விசா முடிவு இண்டைக்குச் சொல்லுறனெண்டவன்."

தம்பி குலசிங்கம் தாயோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் எட்டு மாதமாக விசாவுக்குக் காத்திருந்தான். இங்கே மேல் அறையில் அம்மாவுக்கென்று குணவதி வாங்கிய குளிர்க்கோட்டு, விலைத்துண்டும் கழற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"விசா எங்கையும் ஓடிப்போகாது," என்றார் இராஜரட்ணம். "சமையல் எண்டது ஒரு தியானம். இந்த நாட்டிலை எங்கட சனத்துக்கு ஆறுதல் தெரியாது, எல்லாத்துக்கும் அவசரம். இண்டைக்கு நான் காட்டுறன்."

காட்டப்போவது பிஷ் பை. இளம் வயதில் லண்டனில் இரண்டு வருடம் கணக்கியல் படித்து, அதைப் பாதியில் விட்டுவிட்டு, அவர் முழுமையாகக் கற்று வந்தது இது ஒன்றைத்தான்.

விருந்தாளிகள் சாதாரண ஆட்கள் இல்லை. கலாமன்றத் தலைவர் அல்பேட்டும் மனைவி அன்ரனெற்றும். அடுத்த தலைவர் யார் என்பது அல்பேட் கைகாட்டுவதில் இருந்தது. போன தேர்தலுக்கு முதலும் இப்படித்தான் அல்பேட்டைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஊரில் ஒரு சித்தப்பா கண்ணை மூட, வீட்டில் துடக்கு, தீட்டு என்று முப்பத்தொரு நாள் மீனும் இல்லை, விருந்தும் இல்லை. தலைவர் கதிரை அல்பேட்டிடமே தங்கிவிட்டது. சித்தப்பாவை இராஜரட்ணம் இன்னும் மன்னிக்கவில்லை.

"நீ இரு," என்று கதிரையை இழுத்துப் போட்டார். "உருளைக்கிழங்கை நான் உரிக்கிறன்."

கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவர் ஒரு வெங்காயம்கூட உரித்ததில்லை. குணவதிக்கு லேசாகப் பயம் வந்தது.

"உங்களுக்கு உடம்புக்கு ஒண்டுமில்லையே?"

"ஏன், மனுசிக்கு ஒருநாள் ஓய்வு குடுத்தால் வருத்தமோ?"

கொட் மீனைப் பாலில் மெல்ல அவித்தார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார். கிழங்கை மசித்து, பட்டர் விட்டு, அதற்கு ஆறுதலின் மகிமை பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். மேலே சீஸ் தூவி அவணில் வைத்துவிட்டு, அதன் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோவிலில்கூட அவர் அப்படி நின்றதில்லை.

இரண்டு தரம் குணவதியின் கண் சுவரில் தொங்கிய வயருக்குப் போனது. இரண்டு தரமும் "அவசரப்படாதை" என்றார்.

பின்னேரம் அல்பேட் தம்பதி வந்து மேசையில் இருந்தார்கள். முதல் வாயிலேயே அன்ரனெற்றுக்குச் சந்தேகம்.

"அண்ணை, இதுக்குத் தூள் போட மறந்திட்டியளோ?"

"தூள் போடுறேல்லை, தங்கச்சி. நாக்கும் கொஞ்சம் ஆறுதல் படிக்கோணும்."

அன்ரனெற் மேசைக்குக் கீழால் குணவதியின் கையைச் சுரண்டிச் சம்பல் கேட்டாள்.

இராஜரட்ணம் எழும்பி, எல்லாரும் பார்க்க, மனைவியின் சாப்பாட்டுக் கோப்பையில் தானே ஒரு பெரிய துண்டை வைத்தார். "நல்லாச் சாப்பிடு."

"குடுத்து வைச்சனீங்கள், அக்கா," என்றாள் அன்ரனெற். "என்ர மனுசன் தண்ணிகூட வாத்துக் குடியார்."

குணவதி வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு துண்டும் போட்டுக்கொண்டாள்.

"அம்மாக்கு மீனெண்டால் உயிர்," என்றாள். "வந்தவுடனை அவவுக்கும் ஒருக்கால் உதைச் செய்து குடுங்கோ."

"பாப்பம். நீ சாப்பிடு."

அல்பேட் கடைசிச் சீஸ்பொருக்கையும் வழித்துத் தின்று, கடுதாசியால் வாயைத் துடைத்தார். "இவ்வளவு பொறுமையான ஆளை நான் இவ்வளவு நாளும் கவனிக்கேல்லை. அடுத்த தலைவர் நீங்கள்தான், இராஜரட்ணம். நான் கமிற்றிக்குச் சொல்லுறன்."

இராஜரட்ணம் அடக்கமாகத் தலை குனிந்தார். அதற்கும் நல்ல நேரம் எடுத்துக்கொண்டார்.

அவர்களின் கார் ஸ்ரீல்ஸ் றோட்டுப் பக்கம் திரும்பி மறைந்ததும் குணவதி குசினிக்கு ஓடினாள்.

"இனி வயரைக் கொழுவட்டோ? தம்பி எத்தினை தரம் எடுத்துப் பாத்திருப்பான், பாவம்."

"கொழுவு. ஆனா அவன் காலமையே எடுத்துச் சொல்லிப்போட்டான்."

குணவதி வயரைக் கையில் பிடித்தபடி திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப கார்பெட் கொம்பனி எண்டது பொய். எனக்கு ஒளிச்சு வைச்சுப் பகிடி விடுறியள், என்ன? சொல்லுங்கோ, அம்மா எப்ப வாறாவாம்?"

இராஜரட்ணம் தட்டின் மூலையில் ஒட்டியிருந்த மீனைக் கரண்டியால் ஆறுதலாகச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"போய்த் தலைக்குத் தோய்ஞ்சிட்டு வா. அம்மா செத்திட்டா."