கோழிக்கூண்டுக்கு வந்த மொட்டைக் கடிதம்

"எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்றார் மாமனார். கோழிக்கூண்டுக்கு வெளியே நாற்காலி போட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். "பேர் போடத் துப்பில்லாதவனெல்லாம் நம்ம வீட்டைப் பத்தி மொட்டைக் கடுதாசி எழுதறான்."

கூண்டுக்குள் மண்டியிட்டிருந்த மாப்பிள்ளை மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கோழிகள் உறங்கும் கம்புக்கு அடியில் நான்கு மாதமாக இறுகிப்போன எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சொந்த வீடு கட்டி முடியும்வரை தங்கலாம் என்று மாமனார் வீட்டுக்கு வந்தவர், மனைவியோடு பதினொரு கோழிகளையும் அழைத்து வந்திருந்தார். கொல்லையில் கூண்டைக் கட்டியதோடு சரி. தினம் முட்டை எடுக்கக் குனிவார். வேறு எதற்கும் குனிந்ததில்லை.

"நாத்தம் அடிக்குதுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"சேச்சே. எனக்கு ஒரு நாளும் தெரியலையே மாப்பிள்ளை."

மாமியார் ஒரு கூடை சருகோடு வந்தார். "ஐயோ, நீங்க போய் இதையெல்லாம் அள்ளணுமா? விடுங்க மாப்பிள்ளை, நான் பாத்துக்கறேன்."

"மாப்பிள்ளைக்கு வேலை சொல்ற பழக்கம் நம்ம குடும்பத்துல மூணு தலைமுறையா கிடையாது" என்றார் மாமனார். "இன்னிக்கு என்ன செய்யறது? பத்து மணிக்கு சுகாதார ஆபீஸ்ல இருந்து இன்ஸ்பெக்டர் வர்றார். குத்தம்னு பட்டா வாசக்கதவுல நோட்டீஸ் ஒட்டிடுவாராம். போற வர்றவன் எல்லாம் நின்னு படிப்பான். அப்புறம் நான் எந்த முகத்தோட தெருவுல நடக்கறது?"

மாப்பிள்ளை இன்னும் வேகமாகச் சுரண்டினார். மாமனார் நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ரப்பர் கையுறை, நீளப்பிடி போட்ட கரண்டி, ஒரு பை சுண்ணாம்பு, இரண்டு மூட்டை மரத்தூள். கையுறை மாப்பிள்ளையின் கைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"நேத்து சாயங்காலந்தானே மாமா ஆபீஸ்ல இருந்து தகவல் வந்துச்சு? இதெல்லாம் எப்ப வாங்கினீங்க?"

"வீடுன்னா நாலும் இருக்கணும் மாப்பிள்ளை. மூலையை விட்டுட்டீங்க பாருங்க."

அள்ளியதை மூடிபோட்ட டிரம்மில் கொட்டும்போது மாமியார் மெல்லக் குறுக்கிட்டார். "ஒரு கூடை எச்சத்துக்கு ரெண்டு கூடை சருகு போடுங்க. பச்சையா செடிக்குப் போட்டா வேர் கருகிடும், மாசக்கணக்குல மக்கணும். அப்புறம் தண்ணித் தட்டைக் கம்புக்கு நேர் கீழே வைக்காதீங்க. சிந்தற ஈரந்தான் நாத்தமே."

"இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"ஏதோ காதுல விழுந்ததுதான்."

பத்து மணிக்குக் கூண்டு தலைவாழை விரித்த பந்திபோல் இருந்தது. தரையெல்லாம் உலர்ந்த மரத்தூள். கம்புக்கு அடியில், தினம் உருவி எடுத்துக் கழுவ ஒரு தகரத் தட்டு. கோழிகள் புது வீட்டுக்குக் குடிவந்த விருந்தாளிகளைப்போல் தயங்கித் தயங்கி நடந்தன.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். கையில் கோப்பு. கூண்டுக்குள் தலையை விட்டு மோந்தார். மரத்தூளில் ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்தார்; ஈரமில்லாமல் உதிர்ந்தது. எழுந்திருக்கும் நேரம் பார்த்து, வெள்ளைக் கோழி ஒன்று அவருடைய செருப்புக்கு ஒரு சாண் தள்ளி எச்சமிட்டது.

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது எச்சம் அங்கே இல்லை. மாப்பிள்ளை தன்னுடைய கைக்குட்டையால் அதை வழித்து எடுத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நான் என்ன குத்தம் எழுதறது?" என்றார் இன்ஸ்பெக்டர். "நோட்டீஸ் வேண்டாம். ஆனா தினமும் இப்படியே இருக்கணும். மாசா மாசம் வந்து பார்ப்பேன்."

"தினமும் காலையில நானே செய்வேன் சார்" என்றார் மாப்பிள்ளை. "இது எங்க மாமா குடும்பத்து மானம்."

மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார். "இருந்தாலும், கடுதாசில என்னதான் எழுதியிருக்கான்னு தெரிஞ்சுக்கலாமா?"

இன்ஸ்பெக்டர் கோப்பைப் பிரித்தார். "'சாப்பாட்டு அறை ஜன்னலைத் திறந்து நான்கு மாதமாகிறது'ன்னு ஒருத்தர். 'துவைத்துப் போட்ட துணியை எல்லாம் மறுபடி துவைக்க வேண்டியிருக்கிறது'ன்னு இன்னொருத்தர்."

"இன்னொருத்தரா?"

"ரெண்டு கடுதாசிங்க ஐயா. ஒரே நாள் தபால்ல வந்துச்சு. எழுத்து வேற வேற."

காலையிலிருந்து வளையாத முதுகு இப்போது லேசாக வளைந்தது. மாமனார் இன்ஸ்பெக்டரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினார்.

"நமக்கு ரெண்டு எதிரிங்க மாமா" என்றார் மாப்பிள்ளை, துணியை மூக்கிலிருந்து அவிழ்த்தபடி. "ஒருத்தன் அந்தப் பக்கத்து வீட்டு டெய்லர். நிச்சயம் அவன்தான். இன்னொருத்தனையும் கண்டுபிடிச்சுடறேன்."

"முதல்ல குளிச்சுட்டு வாங்க மாப்பிள்ளை."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டு, மாமனார் சமையலறைக்குள் நுழைந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் எழுதிப் போட்டது ஒண்ணுதானே. இன்னொண்ணு எவன் வேலைன்னு தெரியலையே."

மாமியார் அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"ஏன், மாப்பிள்ளைகிட்ட வாய் திறக்க உங்களுக்கு மட்டுந்தான் கூச்சமா?"