முகம் மாற்றிக்கொண்டவர்கள்

வாங்குகிறவனின் முகம் புற்றுநோய் தின்ற பிறகு எப்படியிருக்கும் என்பதை, அவன் புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே படம்போட்டுக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். விருதுநகர் பருப்பு மண்டியில் மூட்டை தூக்கும் குருவையா முதல் நாள் தன் முகத்தை அதில் பார்த்ததும் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டான். கூட்டாளி சடையன்தான் வழி சொன்னான்.

"உம்மூஞ்சிய எங்கிட்டக் குடு, எம்மூஞ்சிய நீ வச்சுக்க. அடுத்தவன் மூஞ்சின்னா நமக்கென்ன வலிக்கவா போகுது?"

அன்றிலிருந்து இருவரும் பொட்டலத்தை மாற்றிக்கொண்டார்கள். தாடை அழுகிய சடையனைப் பல்லால் கிழித்து, புகையிலையை அதக்கிக்கொண்டு, குருவையா நிம்மதியாக மூட்டை தூக்கினான்.

சில வருடங்களில் ஆஸ்பத்திரியில் சடையனின் தாடையை எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குருவையா மட்டும் கண் இமைக்காமல் பார்த்தான்.

"நீங்களாவது அவர நேருக்கு நேரா பாக்குறீங்களேண்ணே" என்று சடையனின் மனைவி பேச்சி அழுதாள்.

"பழகுன மூஞ்சிதானம்மா" என்றான். அவனுக்கு அழுகைகூட வரவில்லை.

பேச முடியாத சடையன், கடைசியாக மாற்றி வாங்கிய பொட்டலத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தான். இந்தப் பழக்கத்தை விட்டுவிடு என்பதுபோல் கும்பிட்டான். குருவையா குனிந்து பார்த்தான். அவனுடைய சொந்த முகம். பொட்டலத்தோடு வெளியே ஓடினான்.

வாசலில் காவலாளி கன்னம் உப்பப் புகையிலை அதக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே," குருவையா பொட்டலத்தை நீட்டினான், "மாத்திக்கிறீங்களா?"